பிசையாதீர்கள், பிசிறுங்கள்!

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் வந்த சில நாட்களிலேயே லேக் மார்க்கெட்டுக்கு வழி தெரிந்துகொள்கின்றன. வாழையிலை, கறிவேப்பிலை, காப்பிப்பொடி எல்லாம் அங்கே கிடைத்துவிடுவதால் சமையலுக்குக் குறைவில்லை. பார்க் ஸ்ட்ரீட் பக்கம் போய்வந்த குழந்தைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த பண்டங்களைக் கேட்டு நச்சரிக்கும்போதுதான் சங்கடம் வருகிறது. முட்டை புழங்காத வீட்டில் என்ன செய்து கொடுப்பது?

அதற்கு நல்ல பதில் ஸ்கோன். முட்டை சேர்க்காமலே நன்றாக வரும் பண்டம் அது. ஆனால் பதம் தவறினால் கல்லாகிவிடும்.

ஹூக்ளிக் கரைக்கு வந்த கதை

ஸ்கோன் ஆங்கிலேயரின் தேநீர் மேஜையில் பேர் பெற்றது என்றாலும், அதன் பிறந்த வீடு ஸ்காட்லாந்து. அந்த நாட்டுக்கும் இந்த நகரத்துக்கும் பழைய உறவு உண்டு. முன்பு டல்ஹவுசி சதுக்கம் எனப்பட்ட பி.பி.டி. பாக் பகுதியில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1818-ல் திறக்கப்பட்டது. கரயா ரோட்டில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1855-ல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை ஓடத் தொடங்கியபின், டண்டீ நகரத்து ஆட்கள் பலர் ஹூக்ளிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பேக்கரிகளும் இந்த நகரத்துக்குப் புதியவை அல்ல. பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தினர் 1902-ல் தொடங்கிய நஹூம், சுவிஸ் தம்பதியர் 1927-ல் தொடங்கிய ஃப்ளூரிஸ் இரண்டும் இன்றும் நடக்கின்றன.

பழைய காலத்து ஸ்கோன் இரும்புக் கல்லில் சுட்ட தட்டையான ஓட்ஸ் ரொட்டிதான். அது உப்பி எழும்பக் காரணமாக இருந்தவை சோடாவும் பேக்கிங் பவுடரும். 1843-ல் பேக்கிங் பவுடர் செய்த பர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட் போடாமல் மனைவிக்கு ரொட்டி சுடவே அவர் அந்தப் பொடியைக் கூட்டினார்.

கைப்பழக்கம்தான் எதிரி

நம் வீட்டுப் பெண்களுக்கு ஸ்கோன் சரியாக வராமல் போவதற்குக் காரணம், அவர்கள் கை நன்றாகப் பழகியிருப்பதுதான். சப்பாத்திக்கும் பூரிக்கும் மாவை அடித்துப் பிசையப் பிசைய நல்லது. ஸ்கோனுக்கு அதுவே கெடுதல். கோதுமையில் உள்ள புரதம் ஈரம் பட்டுப் பிசைபடும்போது ரப்பர்போல இழுபடும் பசையாகிறது. சப்பாத்திக்கு அந்த இழுவை வேண்டும். ஸ்கோனில் அது வந்தால் சவுக்கென்று ஆகிவிடும்.

இதற்கு வேண்டிய சாமர்த்தியமும் நம்மிடமே இருக்கிறது. முறுக்கு மாவில் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் பிசிறுகிறோம் அல்லவா? அதேதான். வெண்ணெய் பூசிய மாவில் ஈரம் எளிதில் ஏறாது, பசையும் கட்டாது. மைதா, வெண்ணெய், தயிர், சோடா சேர்த்து, அழுத்திப் பிசையாமல் பாதுஷா செய்யத் தெரிந்தவர்களுக்கு ஸ்கோன் அந்நியமே இல்லை.

செய்முறை

மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, சர்க்கரை 2 மேஜைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த வெண்ணெய் 60 கிராமைத் துண்டுகளாக்கிப் போட்டு, ரொட்டித்தூள்போல் ஆகும்வரை பிசிற வேண்டும். பிறகு குளிர்ந்த கெட்டி மோர் சுமார் 150 மில்லியைச் சிறிது சிறிதாக விட்டு, கரண்டிக் காம்பால் கூட்ட வேண்டும். மாவு ஒன்றுசேர்ந்தால் போதும், வழுவழுப்பாக வேண்டியதில்லை.

இட்லி மாவுபோல இதைக் காக்க வைக்கக் கூடாது. மோரின் புளிப்பும் சோடாவும் கலந்தவுடனே காற்று கிளம்பிவிடும். எனவே அடுப்பு முன்பே சூடாகியிருக்க வேண்டும். மாவை ஓர் அங்குல கனத்துக்குக் கையால் தட்டி, மைதாவில் தோய்த்த சிறிய டம்ளரால் நேராக அழுத்தி வெட்ட வேண்டும். டம்ளரைத் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு, ஸ்கோன் கோணலாக எழும்பும். துண்டுகளை நெருக்கி அடுக்கி, 220 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிஷம் வைத்தால் மேலே பொன்னிறமாகும்.

ஓவன் இல்லாத வீட்டில் தோசைக்கல் போதும். பழைய ஸ்காட்லாந்து முறையும் அதுதான். மாவை அரை அங்குல கனத்துக்கு வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, எண்ணெய் விடாமல் சின்னத் தீயில் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிஷம் சுட வேண்டும்.

கொல்கத்தாவின் புழுக்கம்

சித்திரை, வைகாசி வெயிலில் இந்த ஊரில் வெண்ணெய் கையிலேயே உருகிவிடும். உருகினால் எண்ணெயாக மாவில் ஊறி, உதிரும் பதம் கெட்டுப்போகும். மாவையும் வெண்ணெயையும் அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டு, காலை வேளையில் செய்வது நல்லது. மழைக்காலத்தில் மைதா ஈரத்தை இழுத்திருக்கும். மோரைக் குறைக்க வேண்டும். பேக்கிங் பவுடரும் நமுத்துப் போகலாம். ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பார்த்தால் நன்றாக நுரைக்க வேண்டும்.

சரியான ஸ்கோனுக்குக் கத்தி வேண்டாம். நடுவில் கையால் பிளந்தாலே இரண்டாகப் பிரியும். உள்ளே பஞ்சுபோல் இருக்கும். சுட்ட அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். ஆங்கிலேயர் ஜாமும் பாலாடையும் வைத்துச் சாப்பிடுவார்கள். கொல்கத்தாவில் குளிர்காலம் வந்தால் ஜாமைத் தேட வேண்டாம். பேரீச்ச மரத்துப் புது வெல்லமான நலேன் குர் கடைக்கு வந்துவிடும். வீட்டுப் பாலாடையோடு அதை விட்டுக் கொடுத்தால், குழந்தைகளின் நச்சரிப்பு கொஞ்ச நாளைக்காவது ஓய்ந்திருக்கும்.