இருபத்தொரு வயது வரை

புந்தோங் என்றதும் பேராக் மக்களுக்குக் கச்சாங் பூத்தேதான் முதலில் நினைவுக்கு வரும். புந்தோங்கை உள்ளடக்கிய ஈப்போ மாநகருக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. அதுதான் ஹாக்கி. பேராக் சுல்தானாக விளங்கிய மறைந்த சுல்தான் அஸ்லான் ஷா, மலேசிய ஹாக்கிச் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். அவர் பெயரால் 1983இல் தொடங்கப்பட்ட அனைத்துலகக் கிண்ணப் போட்டி, பல ஆண்டுகளாக ஈப்போவில் அவர் பெயர் தாங்கிய அரங்கிலேயே நடைபெற்று வருகிறது. கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ஆடும் ஆட்டத்தையே குறிக்கும். மலேசியாவிலும் பனி ஹாக்கி அணி உண்டு. ஆயினும் இங்கு ஹாக்கி என்ற சொல் திடலில் ஆடும் ஆட்டத்தையே நினைவூட்டுகிறது.

தேசிய இளையோர் அணி என்பது 21 வயதுக்குட்பட்டோருக்கான அணி. இந்த வயது வரம்பே அவ்வணியை மற்ற அணிகளிலிருந்து வேறுபடுத்துகிறது. மூத்தோர் அணியில் திறமையுள்ள ஒருவர் பதினைந்து ஆண்டுகள்கூட நீடிக்கலாம். இளையோர் அணியிலோ எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் வயது வந்ததும் விலகியே ஆக வேண்டும். இளையோர் உலகக் கிண்ணம் நெடுங்காலம் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடந்தது. ஆகவே, ஓர் ஆட்டக்காரருக்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பாகவே அமைந்தது.

அப்போட்டி 1979இல் பிரான்சின் வெர்சாய் நகரில் தொடங்கியது. பாகிஸ்தான் முதல் வெற்றியாளரானது. மலேசியா 1982இல் கோலாலம்பூரில் அதனை ஏற்று நடத்தியது; 2009இல் சிங்கப்பூருடன் இணைந்தும், 2023இல் மீண்டும் கோலாலம்பூரிலும் நடத்தியது. ஈப்போவுக்கும் இதில் பங்குண்டு. 2000ஆம் ஆண்டு இளையோர் ஆசியக் கிண்ணப் போட்டி இந்நகரில்தான் நடந்தது. அந்தக் கிண்ணத்தைத் தென்கொரியா கைப்பற்றியது.

மலேசிய இளையோருக்குப் பொற்காலம் என்றால் அது 2011 முதல் 2013 வரையிலான மூன்று ஆண்டுகளே எனலாம். 2011இல் தொடங்கிய ஜொகூர் சுல்தான் கிண்ணத்தை முதல் ஆண்டிலேயே அவர்கள் வென்றனர். அடுத்த ஆண்டு மலாக்காவில் நடந்த இளையோர் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பாகிஸ்தானைப் பெனால்டியில் வீழ்த்திக் கிண்ணம் ஏந்தினர். 2013 டிசம்பரில் புதுடில்லியில் 16 நாடுகள் மோதிய இளையோர் உலகக் கிண்ணத்தில் அரையிறுதிக்கு முன்னேறினர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 2-7 என்ற கோல் கணக்கில் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பினர். இந்தத் தோல்வி சற்றுக் கசப்பானதுதான். ஆனால், போட்டியை ஏற்று நடத்திய இந்தியாவே பத்தாம் இடத்தில்தான் நின்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளையோர் அணியின் இந்த உயர்வு மூத்தோர் அணியிலும் எதிரொலித்ததா? 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் நான்காம் இடம் பிடித்த நாடு மலேசியா. ஆனால், 2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் 12 அணிகளுள் அது கடைசி இடத்தையே பெற்றது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்குப் பிறகு ஆடவர் அணி எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. மிக அருகில் சென்றது 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான். அரையிறுதியில் இந்தியாவைப் பெனால்டியில் வென்றபோது கோல் காவலர் எஸ். குமார் அரண்போல் நின்றார். ஜப்பானுடனான இறுதியாட்டம் 6-6 எனச் சமநிலையில் முடிந்தது. பெனால்டியில் ஜப்பான் 3-1 என வென்றது. தங்கம் கிடைத்திருந்தால் மலேசியா தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடியாகத் தகுதி பெற்றிருக்கும்.

இந்த இடைவெளிக்குப் பயிற்சிக் குறையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், ஜொகூர், பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியும் இளம் ஆட்டக்காரர்களை உருவாக்கி வருகின்றன. சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. இளையோர் அணியிலிருந்து ஒரே நேரத்தில் பலர் வெளியேறுகின்றனர். மூத்தோர் அணியில் காலியாகும் இடங்களோ சிலவே. 21 வயதில் உயர்கல்வியும் வேலையும் அழைக்கின்றன. மூத்தோர் அணியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆட்டத்தைக் கைவிடுவது எளிது. இளையோர் அணியின் வெற்றிப் பட்டியலைப் படிக்கும்போது, அதில் இடம்பெற்றவர்களுள் எத்தனை பேர் பின்னர் மூத்தோர் அணியில் ஆடினார்கள் என்றும் பார்ப்பது பொருத்தமாகும்.

இளையோர் உலகக் கிண்ணம் இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 2025 இறுதியில் தமிழ்நாட்டின் சென்னையிலும் மதுரையிலும் முதன்முறையாக 24 அணிகளுடன் நடைபெற்றது. ஜெர்மனி வாகை சூடியது. மலேசியாவும் அதில் களமிறங்கியது. அவ்வணியின் இளைஞர்களுள் எவரும், புதுடில்லியில் அந்த நான்காம் இடம் கிடைத்தபோது, பத்து வயதைக்கூட எட்டியிருக்கவில்லை.