மலைநகரில் பழைய வீடு: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

மலாய் மொழியில் 'தானா' என்றால் நிலம். 'ராத்தா' என்றால் சமம். மேடும் பள்ளமுமான கேமரன் மலையில் சமநிலம் என்று பெயர் பெற்ற ஊர் தானா ராத்தா. இந்த ஊரிலும், இதைச் சுற்றியுள்ள அமைதியான ஒதுக்குப்புறங்களிலும் ஐம்பது, அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. அத்தகைய பழைய வீட்டை வாங்கும்போதும் விற்கும்போதும் நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இந்த வீடுகள் எப்படித் தோன்றின என்று பார்ப்போம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதியை அளந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்து, இதை ஓய்விடமாக வளர்க்க வேண்டுமென்று ஊக்கினார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930-களில் தாப்பாவிலிருந்து மலைச்சாலை வந்தபின் ஆங்கிலேயர் தங்கள் ஊர்ப் பாணியில், வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச் சட்டமும் கணப்பு அடுப்புமாக, பங்களாக்கள் கட்டினர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமங்கள் எழுந்தன. அவற்றில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகள் வரிசையாக நின்றன. கடைத்தெருவை ஒட்டி, கீழே கடையும் மேலே குடியிருப்புமான வீடுகள் வந்தன. தோட்டங்களிலோ நம் மக்கள் வாழ்ந்த லயங்கள் இருந்தன.

இந்த நான்கு வகை வீடுகளையும் கண்ணால் பார்த்தால் சுவரும் கூரையும்தான் வேறுபடும். சட்டத்தின் கண்ணால் பார்த்தால், சிலவற்றை விற்கலாம். சிலவற்றை விற்கவே முடியாது. இந்த வேறுபாட்டை அறியாததால்தான் பாடுபட்டுச் சேர்த்த பணம் பறிபோகிறது. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்து, ஊழியர் சேமநிதியில் சேர்ந்த தொகையைக் கொண்டு ஒரு வீடு வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

நம்மிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 'பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் இடம் நமக்குச் சொந்தம்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது இந்தியாவிலிருந்து நம்மோடு வந்த பேச்சு. அங்கே, பிறர் நிலத்தை எதிர்ப்பின்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்தவர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு உரிமை கோர இடமிருக்கிறது. மலேசியாவில் அதற்கு இடமே இல்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 48-ஆம் பிரிவில், அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் உரிமை பிறக்காது என்று தெளிவாகக் கூறுகிறது. தனியார் நிலத்துக்கும் அப்படியே.

காரணம் என்ன? நம் நாடு பின்பற்றுவது டாரன்ஸ் முறை. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது. இதன் சாரம் ஒரே வரியில் அடங்கும்: நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். மோசடி, போலிக் கையெழுத்து போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், அடிப்படை இதுதான். பணம் கொடுத்த ரசீது, சாட்சிகள் முன் எழுதிய தாள், முப்பதாண்டு மின்கட்டண ரசீதுகள், கோயில் தலைவர் முன் செய்த வாக்குறுதி ஆகிய எதுவும் பதிவேட்டுப் பெயருக்கு ஈடாகாது.

இதை வைத்துக்கொண்டு மீண்டும் அந்த வீடுகளைப் பார்ப்போம்.

தோட்டத்து லயம் தோட்ட நிர்வாகத்தின் சொத்து. தாத்தா பிறந்தது, அப்பா பிறந்தது, நாம் பிறந்தது எல்லாம் அதே வீடாக இருக்கலாம். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் அந்த வீடு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறதேயன்றி, அதைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. வேலை முடிந்தால் வீடும் போகும். தோட்டமே கை மாறினால் என்ன ஆகும் என்பதை நம் சமூகம் 1950-களில் கண்ணீரோடு கற்றது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அதற்கு விடையாகத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். பதிவேட்டில் பெயர் வேண்டும் என்ற உண்மையை அவர் உணர்ந்திருந்தார்.

அடுத்தது, 'டி.ஓ.எல்.' எனப்படும் தற்காலிக நில அனுபவ உரிமம். கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்கள் பல இந்த உரிமத்தில் நடந்தவை. சிலர் அந்நிலத்தில் வீடும் கட்டிக்கொண்டனர். இந்த உரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிவது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சட்டத்தின் 68-ஆம் பிரிவுப்படி இதைப் பிறருக்கு மாற்றித்தர முடியாது. உரிமதாரர் இறந்தால் உரிமமும் இறந்துவிடும். ஆகவே, 'டி.ஓ.எல். நிலத்து வீடு, விலை மலிவு' என்று ஒருவர் வந்து சொன்னால், அவர் விற்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை என்று பொருள்.

பட்டா உள்ள வீடுகளில் இரண்டு வகை. ஒன்று, காலவரையறை இல்லாத நிலையான உரிமை. மற்றொன்று, குத்தகை உரிமை. அதிகபட்சம் 99 ஆண்டுகள். புதுக்கிராம வீடுகள் பல குத்தகை நிலத்தில் நிற்பவை. எத்தனை ஆண்டு எழுதியிருக்கிறது என்பதைவிட, எத்தனை ஆண்டு மிச்சமிருக்கிறது என்பதே கேள்வி. அறுபதாண்டுக் குத்தகையில் ஐம்பது கழிந்துவிட்ட வீட்டுக்கு வங்கி கடன் தரத் தயங்கும். குத்தகை தீர்ந்தால் நிலம் மாநில அரசிடம் திரும்பும்; நீட்டிப்பு வேண்டுமானால் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். அது கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை.

அப்படியானால் பட்டாவை எப்படிச் சரிபார்ப்பது? விற்பவர் காட்டும் நகலை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது. நிலப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி அதிகாரபூர்வத் தேடல் செய்ய வேண்டும். மலாயில் 'சாரியான் ரஸ்மி' என்பார்கள். அந்தச் சான்றிதழில் ஐந்து செய்திகளைப் படியுங்கள். ஒன்று, உரிமையாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் விற்பவருடையவைதாமா? இரண்டு, நிலத்தின் வகை கட்டடமா, விவசாயமா? விவசாய நிலத்தில் நிற்கும் வீடு பின்னாளில் தொல்லை தரும். மூன்று, மாநில அரசின் ஒப்புதலின்றி மாற்றக் கூடாது என்ற தடை உண்டா? நான்கு, அது மலாய் ஒதுக்கீட்டு நிலமா? ஆம் எனில் மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு அதை மாற்ற முடியாது. ஐந்து, வங்கி அடமானமோ 'கேவியட்' என்னும் தடைக்குறிப்போ பதிவாகியிருக்கிறதா? கேவியட் இருக்கும்வரை பெயர்மாற்றம் நடக்காது.

தாளைப் பார்த்தபின் வீட்டைப் பார்ப்போம். கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் உயரமான மலையூரில் வீட்டுக்கு முதல் பகைவன் ஈரம். வெயில் நாளில் வீடு பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்; அடைமழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, சுவர் எங்கே வியர்க்கிறது, முற்றத்து நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். பலகை வீடானால் தூண்களின் அடிப்பகுதியையும் தரைக்கட்டையையும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கத்தி எளிதில் இறங்கினால் கறையானோ உளுப்போ இருக்கிறது. அக்காலக் கூரைத் தகடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதை உடைத்தாலும் அறுத்தாலும் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அகற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். பழைய மின்கம்பிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டுவது நல்லது.

வீட்டைவிட முக்கியம் அதன் பின்னால் உள்ள மேடு. 1961 மே மாதம் ரிங்லெட்டில் மண் சரிந்து 16 பேர் இறந்தனர். 2011 ஆகஸ்டில் சுங்கை ருயில் பூர்வகுடிக் கிராமத்தில் ஏழு பேர் இறந்தனர். 2024 ஜனவரியில் புளூ வேலியில் ஐந்து தொழிலாளர் புதையுண்டனர். ஆகவே வீட்டுக்கு மேலே சரிவு எத்தனை செங்குத்து, தாங்கு சுவரில் வெடிப்போ வயிறு தள்ளலோ உண்டா, சுவரிலுள்ள நீர்த்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். மேலே யாராவது புதிதாகக் காடழித்துத் தோட்டம் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆற்றோர வீடானால், 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் ஆற்றின் கரையில் வெள்ளம் எதுவரை வந்தது என்று அண்டை வீட்டாரை விசாரியுங்கள்.

இனிச் செலவுக் கணக்கு. மூன்று லட்சம் வெள்ளிக்கு ஒரு வீடு வாங்குகிறோம் என்று கொள்வோம். வழக்கமாகப் பத்து விழுக்காடு, அதாவது 30,000 வெள்ளி, ஒப்பந்தத்தின்போது முன்பணம். பெயர்மாற்றப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, அடுத்த நான்கு லட்சம் வரை இரண்டு விழுக்காடு. ஆக 1,000-உம் 4,000-உம் சேர்ந்து 5,000 வெள்ளி. மீதி 2,70,000 வெள்ளியை வங்கியில் கடன் வாங்கினால் கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 1,350 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணமும் வங்கி கேட்கும் மதிப்பீட்டுக் கட்டணமும் தனி. முதல் வீடு வாங்குவோருக்கு அரசு அவ்வப்போது தீர்வை விலக்கு அளிப்பதுண்டு. அதைக் கேட்டறிவது நம் கடமை. இவற்றோடு பழுதுபார்க்கும் செலவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்காமல் பழைய வீட்டில் கை வைக்கக் கூடாது. ஊழியர் சேமநிதியில், 2024 மே முதல் 'செஜாத்ரா' என்று பெயர் மாறியுள்ள கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம்.

ஒப்பந்தத்துக்குப்பின் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் மீதித் தொகை செலுத்தப்பட்டு, 'போராங் 14ஏ' என்ற பெயர்மாற்றப் படிவம் பதிவுக்குப் போகிறது. அது பதிவாகும் நாளில்தான் வீடு நம்முடையதாகிறது. சாவி கைக்கு வந்த நாளில் அல்ல.

விற்பவர் பக்கமும் சில சொற்கள். பழைய வீடுகளில் பெரும்பாலான சிக்கல், பட்டா இன்னும் காலஞ்சென்ற தந்தையின் பெயரிலோ தாத்தாவின் பெயரிலோ இருப்பதுதான். மூத்த மகன் வீட்டில் குடியிருந்து, வரி கட்டி, கூரை மாற்றியிருக்கலாம். ஆயினும் அவர் தனியாக விற்க முடியாது. உயில் இல்லாமல் இறந்தவரின் சிறிய சொத்துகளை, 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நில அலுவலகமே விசாரித்து வாரிசுகளுக்குப் பிரித்துத் தரும். முஸ்லிம் அல்லாதாருக்கு எவ்வளவு பங்கு என்பதை 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் சொல்கிறது. இறந்தவருக்குப் பெற்றோர் இல்லை, மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று லட்சம் வெள்ளி வீட்டில் தாய்க்கு ஒரு லட்சம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐம்பதாயிரம். திருமணமாகிப் போன மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்குதான். 'அக்காவுக்குத்தான் நகை போட்டாயிற்றே' என்ற பேச்சு நில அலுவலகத்தில் செல்லாது. தாய் உயிரோடு இருக்கும்போதே, எல்லாரும் கூடிப் பேசி, பெயர்மாற்றத்தை முடித்துக்கொள்ளும் குடும்பம் பின்னால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்காது.

இன்னொன்று: வாங்கிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 20 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடும் வரி. குடிமக்களுக்கு அதன்பின் வரி இல்லை. தரகர் வழியாக விற்பதானால் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தரகு மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

நேயர்களே, ஒரு வீட்டின் மேல் நமக்குள்ள பாசம் பெரிது. அது பிறந்த வீடாக இருக்கலாம். பிள்ளைகளை வளர்த்த வீடாக இருக்கலாம். ஆனால் பாசத்தைப் பதிவேடு அறியாது. அது அறிவது பெயரை மட்டுமே. வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் தேடல் சான்றிதழை எடுங்கள். ஏற்கெனவே வீடு உள்ளவர்கள் இன்றைக்கே பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அது இறந்தவர் பெயராக இருந்தால், வீட்டாரோடு பேச வேண்டிய நாள் இதுவே.