தோற்றால் திட்டாத விளையாட்டு

ஒன்பதாம் வகுப்பில் வடிவியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு மதிய வேளை. கடைசி வரிசையில் ஒரு மாணவன் நோட்டில் மும்முரமாக எதையோ வரைந்துகொண்டிருந்தான். கணக்கு என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் பையன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நீளமான ஒரு செவ்வகம், அதைச் சுற்றி நான்கைந்து சிறிய செவ்வகங்கள், ஒவ்வொன்றிலும் அளவுகள். ஒரு கட்டத்திற்குள் "பொள்ளாச்சி - உக்கடம்" என்று அழகான எழுத்து.

"என்னடா இது?"

"பஸ்ஸுங்க சார். கேம்ல ஓட்டறதுக்கு நானே பெயிண்ட் அடிக்கறதுங்க."

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்தப் படம் விடவில்லை. அது ஒரு பேருந்தின் உடலைப் பிரித்து விரித்த வரைபடம். இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின், கூரை எல்லாம் ஒரே தாளில் தட்டையாக இருந்தன. கனசெவ்வகத்தை விரித்தால் ஆறு பக்கங்கள் எப்படி அமையும் என்று அட்டைப்பெட்டியைக் கிழித்துக் காட்டியும் நான் புரிய வைக்க முடியாமல் விட்ட பாடம் அது.

நம் பகுதிப் பிள்ளைகளிடம் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா' என்று சொன்னால் முகம் மலரும். 2017-இல் இந்தோனேஷியாவின் மலியோ நிறுவனம் வெளியிட்ட கைப்பேசி விளையாட்டு இது. பேருந்துக்கு நாமே வண்ணம் தீட்டிக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. தட்டையான ஒரு படக் கோப்பைத் தயாரித்து ஏற்றினால் விளையாட்டு அதை வண்டியின் மேல் போர்த்திவிடும். தமிழ்நாட்டு இளைஞர்கள் அரசுப் பேருந்துகளையும் தங்கள் ஊர்த் தனியார் பேருந்துகளையும் இதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பேருந்துக்குப் பெயரும் ரசிகர்களும் உள்ள கொங்கு நாட்டில் இது பரவியதில் வியப்பில்லை.

"எத்தனை தடவை செஞ்சு பார்த்தே?" என்று கேட்டேன்.

"கணக்கே இல்லீங்க சார். மொதல்ல பேரு கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பிருச்சுங்க. அப்பறம் ஜன்னலுக்கு மேல ஏறிருச்சுங்க. இப்பத்தான் சரியா உக்காந்துருக்குதுங்க."

என் வகுப்பில் ஒரு கணக்கு தவறினால் இரண்டாம் முறை போட்டுப் பார்க்காத பையன், அங்கே கணக்கில்லாத தடவை தோற்றிருக்கிறான். தோற்றதை மறைக்காமல் பெருமையாகச் சொல்கிறான். கணினி விளையாட்டுகளைப் பற்றி நாம் யோசிக்கத் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

விளையாட்டின் கவர்ச்சி வண்ணத்திலும் ஓசையிலும் இருப்பதாக நினைக்கிறோம். ஓரளவு உண்மைதான். ஆனால் 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் என்ன வண்ணம் இருந்தது? மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குவது மட்டும்தான். உலகமே அதை விளையாடியது. உள்ளே வேறு ஏதோ வேலை செய்கிறது.

நல்ல விளையாட்டில் தவறு செய்தால் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து நிற்கச் சொல்வதில்லை. உடனே மறுபடி தொடங்கலாம். முதல் நிலை எளிது. அதைத் தாண்டியவனுக்குத்தான் அடுத்தது திறக்கும். தாண்டாதவன் அங்கேயே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை தேர்வு வைக்கிறோம். தாள் திருத்திக் கொடுக்க அடுத்த திங்கள் ஆகிவிடுகிறது. அதற்குள் பிள்ளைக்குத் தான் என்ன நினைத்து அந்த விடையை எழுதினோம் என்பதே மறந்துபோயிருக்கும். சிவப்பு மை மட்டும் நினைவிருக்கும். நாற்பது தாள் திருத்துகிறவரின் சிரமம் எனக்கும் தெரியும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு இயந்திரம் அந்த ஒரு வேலையை நம்மைவிட விரைவாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

தோல்விக்கு விலை இல்லாமல் பழகுவதன் அருமை கோவைப் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். சிஎன்சி எந்திரத்திற்கு எழுதும் நிரலில் ஒரு கழித்தல் குறி தவறினால் வெட்டுக்கருவி நேராகப் போய்ச் சக்கில் மோதும். கருவி உடையும், எந்திரம் நிற்கும், செலவு பெரிது. அதனால் பழகுகிறவர்களைத் திரையில் ஓடும் போலி எந்திரத்தில் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே நூறு முறை மோதினாலும் நட்டமில்லை. பொருளளவில் அதுவும் ஒரு கணினி விளையாட்டுத்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2003-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் கிரீன், டாப்னி பவெலியே இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விளையாடிப் பழக்கமில்லாதவர்களை நாளுக்கு ஒரு மணி நேரம் என்று பத்து நாள் விரைவான அதிரடி விளையாட்டில் பழக்கினார்கள். ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கண்ணால் கவனிக்கும் திறன் கூடியது. ஒப்பீட்டுக்காக டெட்ரிஸ் ஆடியவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. 2007-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நியூயார்க்கில் 33 அறுவை மருத்துவர்களிடம் நடந்தது. முன்பு வாரத்திற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ விளையாட்டு ஆடியவர்கள், சிறுதுளை அறுவைப் பயிற்சியில் மற்றவர்களைவிட 37 விழுக்காடு குறைவாகத் தவறு செய்தார்கள். 27 விழுக்காடு விரைவாகவும் முடித்தார்கள். விளையாட்டுத்தான் காரணமா, கை சாதுரியம் உள்ளவர்கள்தான் விளையாட வந்தார்களா என்று இந்த ஒன்றை வைத்து முடிவு கட்ட முடியாது.

மகிழ்ச்சியில் நாம் எல்லை மீறிவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். மூளைக்குப் பயிற்சி என்று விற்கப்படும் விளையாட்டுகளை 11,430 பேரிடம் ஆறு வாரம் சோதித்தார் ஏட்ரியன் ஓவன் (நேச்சர், 2010). பழகிய விளையாட்டில் எல்லோரும் தேறினார்கள். பழகாத வேறு வேலையில் முன்னேற்றம் வரவில்லை. ஆக, பஸ் ஓட்டி விளையாடினால் கணக்கு தானாக வந்துவிடாது. விளையாட்டில் கைக்கு வந்ததைப் பாடத்தோடு சேர்த்து முடிச்சுப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்.

அந்த முடிச்சு எப்படி விழும் என்பதற்கு எங்கள் பள்ளி உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இந்த ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. மதிப்பீடு நடத்தவும் காணொலி காட்டவும் அவை பயன்படுகின்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'காட்சித் தொடர்பு' என்ற அலகில் ஸ்கிராட்ச் வருகிறது அல்லவா? பாதிப் பேர் அதை ஒரு மதிப்பெண் வினாவாக முடித்துவிடுகிறோம். ஸ்கிராட்ச் என்பது எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். கட்டைகளை அடுக்குவதுபோலக் கட்டளைகளை அடுக்கிப் பிள்ளைகளே விளையாட்டு உருவாக்கலாம்.

நான் கொடுத்த வேலை: தாயக்கட்டை உருட்டும் விளையாட்டு செய்யுங்கள்.

இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். புள்ளிகள் 1, 2, 3, ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒரு குழு சுலப வழியைப் பிடித்தது. தாயம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்ற ஏழில் ஏதோ ஒன்றைக் கணினி எடுக்கும்படி செய்துவிட்டார்கள். ஓடியது. எனக்கும் சரியாகவே பட்டது. ஆனால் பக்கத்துக் குழுவிலிருந்த ஒரு மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. "இது தாயமே இல்லீங்க சார். பன்னண்டு இத்தன வாட்டி விழுகாதுங்க. எங்க அம்மாயி கூட ஆடறப்ப ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு தடவ விழுந்தாலே பெருசுங்க."

அம்மாயியோடு திண்ணையில் ஆடிய ஆட்டத்தில் அவளுக்கு நிகழ்தகவு ஏற்கெனவே கைவந்திருந்தது. பெயர்தான் தெரியாது. அப்புறம் கரும்பலகைக்கு வந்தோம். ஒரு கட்டைக்கு நான்கு, இரண்டுக்கும் சேர்த்துப் பதினாறு வாய்ப்புகள். பன்னிரண்டு விழ வழி ஒன்றே ஒன்று. தாயத்துக்கு இரண்டு. மூன்றுக்கு நான்கு வழிகள்: வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும், அவற்றையே கட்டை மாற்றி. அப்படியானால் ஆயிரம் முறை உருட்டினால் மூன்று ஏறத்தாழ 250, தாயம் 125, பன்னிரண்டு அறுபதைச் சுற்றி வர வேண்டும். நிரலை மாற்றினார்கள். 0 முதல் 3 வரை ஏதோ ஓர் எண்ணை இரண்டு முறை எடுத்துக் கூட்டு; கூட்டல் 0 என்றால் 12 என்று எழுது; இதை ஆயிரம் முறை செய். கணினிக்கு அது நொடிக் கணக்கு. எண்கள் கணக்கிட்டதை ஒட்டியே வந்தன, சரியாக அதே அல்ல. ஏன் சரியாக வரவில்லை என்று ஒருவன் கேட்டான். கூறுவெளி என்ற சொல்லை நான் எத்தனையோ ஆண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வந்தது அன்றுதான் முதல் முறை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நிரல் எழுத வைக்க வேண்டியதில்லை. டக்ஸ் மேத் என்ற இலவச விளையாட்டில் வானிலிருந்து கூட்டல், கழித்தல் கணக்குகள் எரிகற்களாக இறங்கும். சரியான விடையைத் தட்டினால் கல் உடைந்து பென்குயின்களின் பனிவீடு தப்பும். ஜிகாம்ப்ரி என்ற தொகுப்பில் சுட்டி பிடிக்கப் பழகுவதிலிருந்து சதுரங்கம் வரை நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் உள்ளன. இரண்டையும் ஒரு முறை பதிவிறக்கி நிறுவினால் இணையம் இல்லாமலே ஓடும்; விளம்பரமும் கிடையாது. ஒரு கணினிக்கு இருவரை உட்கார வையுங்கள். ஒருவர் தட்டட்டும், மற்றவர் எதைத் தட்டுவது என்று சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் இடம் மாறட்டும். கணினி போதவில்லை என்பதால் நான் செய்த ஏற்பாடு இது. இப்போது போதுமான கணினி இருந்தாலும் இப்படித்தான் செய்வேன், ஏனென்றால் பேச்சு அங்கேதான் பிறக்கிறது. சுவரில் நட்சத்திரம் ஒட்டிப் புள்ளி கொடுப்பதை 'விளையாட்டு முறைக் கற்றல்' என்று சிலர் அழைக்கிறார்கள். அது பழைய ரேங்க் கார்டுக்குப் புதுச் சட்டை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விக்கு வருவோம். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போன வீட்டில், பிள்ளையும் கைப்பேசியும் மட்டும் இருக்கிறார்கள். "எந்நேரமும் ப்ரீ பயர்தானுங்க சார்" என்று ஒரு தாய் வந்து அழுதால், டெட்ரிஸ் கதை சொல்லி அனுப்ப முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறும் இருக்கிறது. அது நேரத்தை மட்டும் அளப்பதில்லை. விளையாட்டைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அது முதன்மையாகிவிடுதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் ஆகியவை வழக்கமாக ஓராண்டளவு நீடித்தால்தான் கோளாறு என்கிறது. தூக்கம் கெட்டு வகுப்பில் தலை சாய்க்கும் பிள்ளையைக் கவனியுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பட்டம் கட்டிவிடாதீர்கள்.

பணம் வைத்து ஆடுவது வேறு கணக்கு. அதைச் சட்டமே பிரித்துவிட்டது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் 18 வயதுக்கு உட்பட்டோர் பண விளையாட்டில் சேரக் கூடாது என்றன. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருக்கும் அனுமதி இல்லை என்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையவழிப் பண விளையாட்டுகளை முழுவதுமாகத் தடை செய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணமில்லாத சமூக விளையாட்டுகளையும் தனியாக வைத்தது. ஆனால் சட்டம் படித்துப் பிள்ளைகள் விலகுவதில்லை. எங்கள் வகுப்பில் தாய நிரலில் இரண்டு வரி சேர்த்தோம். ஒவ்வோர் உருட்டலுக்கும் ஒரு ரூபாய் கட்டு. பன்னிரண்டு விழுந்தால் பத்து ரூபாய் பரிசு. பத்து மடங்கு என்றதும் வாயைப் பிளந்தார்கள். ஆயிரம் உருட்டல் முடிந்தபோது அறுபத்துச் சொச்சம் தடவை பரிசு விழுந்திருந்தது. கட்டிய ஆயிரத்தில் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்தான் திரும்பியது. "மீதி யாருக்குங்க சார் போச்சு?" என்று கேட்டது பேருந்துக்கு வண்ணம் அடித்த பையன்தான்.

அவனுடைய பேருந்தை அட்டையில் வரைந்து வெட்டி மடித்து ஒட்டச் சொன்னேன். கூரையின் அளவில் அரை சென்டிமீட்டர் தவறியிருந்தான். மறுநாள் வேறோர் அட்டையோடு வந்தான்.