விரல் நுனியில் தெரியும் எண்ணுக்கு எது சான்று?

கொரோனா தொற்றுக் காலத்தில் தமிழக வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவி, தமனிக் குருதியில் உள்ள ஈமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதை ஊசி குத்தாமல் சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. ஒளியை உமிழும் பகுதி, அதை வாங்கி மின்னோட்டமாக மாற்றும் பகுதி, அம்மின்னோட்டத்திலிருந்து ஓர் எண்ணைக் கணிக்கும் பகுதி ஆகிய மூன்றும் சேர்ந்ததே இது. ஒரு கருவி காட்டும் அளவை ஐயமற அறியப்பட்ட வேறோர் அளவோடு ஒப்பிட்டுச் சீர்படுத்தும் பணியை அளவுத்திருத்தம் என்பர். கடைத் தராசைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கல் இருக்கிறது. ஆக்சிமீட்டருக்கு அப்படியொரு கல் இல்லை. மனிதக் குருதியே அதன் எடைக்கல் என்பதில்தான் இக்கருவியின் தனித்தன்மையும் சிக்கலும் அடங்கியுள்ளன.

விரலில் மாட்டும் கவ்வியின் ஒரு பக்கத்தில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் உள்ளன. ஒன்று ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியையும், மற்றொன்று ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியையும் மாறி மாறி உமிழ, எதிர்ப்பக்கத்தில் உள்ள ஒளியுணர் டயோடு விரலைக் கடந்து வரும் ஒளியை மிகச் சிறு மின்னோட்டமாக மாற்றுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஈமோகுளோபின் சிவப்பொளியைக் குறைவாகவும் அகச்சிவப்பொளியை மிகுதியாகவும் உட்கவரும். ஆக்சிஜனை இழந்தது இதற்கு நேர்மாறு. ஆனால் தோல், எலும்பு, சிரைக் குருதி எல்லாமே ஒளியைத் தடுப்பதால், அவற்றினின்று தமனிக் குருதியை மட்டும் பிரித்தறிய வழி வேண்டியிருந்தது. ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனப் பொறியாளர் தகுவோ அயோயாகி, இதயம் வெளித்தள்ளும் குருதியின் அளவைச் சாயம் செலுத்தி ஒளியால் அளக்க முயன்றபோது, நாடித் துடிப்பு இடையூறாக வந்துகொண்டே இருந்தது. துடிப்பது தமனிக் குருதி மட்டுமே, ஆகவே அந்த இடையூறே தேடிய அடையாளம் என்று உணர்ந்த அவர், 1974இல் தம் முறையை வெளியிட்டார்.

மின்னோட்டத்தில் துடிப்போடு ஏறியிறங்கும் சிறு பகுதியை மாறாது நிற்கும் பெரும் பகுதியால் வகுத்து, சிவப்பொளிக்குக் கிடைத்த மதிப்பை அகச்சிவப்பொளிக்குக் கிடைத்த மதிப்பால் மீண்டும் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அது 1 ஆக இருந்தால் ஆக்சிஜன் செறிவு ஏறத்தாழ 85 விழுக்காடு. விகிதம் குறையக் குறையச் செறிவு நூறை நெருங்கும். உட்கவர்தலை மட்டும் கணக்கில் கொள்ளும் பீர்–லாம்பெர்ட் விதியைக் கொண்டு இந்தத் தொடர்பைக் காண முயன்றால் விடை பிறழ்கிறது. ஏனெனில் குருதியணுக்களும் திசுக்களும் ஒளியைச் சிதறடிக்கின்றன, அச்சிதறலும் அலைநீளத்துக்கேற்ப மாறுகிறது. எனவே மனிதர்களிடம் அளந்து பெற்ற அட்டவணை ஒன்று கருவியின் நினைவகத்தில் பதிக்கப்படுகிறது. விரலில் மாட்டியதும் அந்த அட்டவணையைப் பார்த்தே கருவி விடை சொல்கிறது.

அட்டவணை உருவாகும் விதம் விரிவாக அறியத்தக்கது. உடல்நலமுள்ள தன்னார்வலரின் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் ஒன்று பொருத்தப்பட்டு, மருத்துவர்களின் கண்காணிப்பில் நைட்ரஜன் கூட்டி ஆக்சிஜன் குறைத்த காற்று அவருக்குச் சுவாசிக்கத் தரப்படுகிறது. செறிவு நூறை ஒட்டிய நிலையிலிருந்து 70 விழுக்காடு வரை படிப்படியாக இறக்கப்பட, ஒவ்வொரு படியிலும் அது சற்று நிலைத்ததும் குருதி எடுக்கப்பட்டு, பல அலைநீளங்களில் குருதியை நேரடியாக ஆராயும் கோ-ஆக்சிமீட்டர் என்னும் ஆய்வகக் கருவியில் அளக்கப்படுகிறது; அதே கணத்தில் விரல் கருவி தந்த விகிதம் அதற்கு நேரே குறிக்கப்படுகிறது. செறிவை 70க்கும் கீழே இறக்குவது ஆபத்து என்பதால், அதற்குக் குறைவாகக் கருவி காட்டும் எண்கள் வரைகோட்டை நீட்டிப் பெற்றவையே. துல்லியத்தைச் சொல்ல, பிழைகளின் வர்க்கங்களுக்குச் சராசரி கண்டு அதன் வர்க்கமூலத்தை எடுக்கின்றனர். இம்மதிப்பு 4க்கு மிகக் கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. 80601-2-61 தரநிலையின் விதி. மதிப்பு 3 என்றால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவீடுகள் உண்மையிலிருந்து மூன்று புள்ளிகளுக்கு மேலும் விலகியிருக்கலாம்.

சிவப்பு நிறப் பகுதியில் சில நானோமீட்டர் மாறினாலே ஈமோகுளோபினின் உட்கவர்தல் வெகுவாக மாறிவிடுவதால், தொழிற்சாலையில் விளக்குகளின் அலைநீளமும் அளந்து வகைபிரிக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் பயன்படும் செயற்கை விரல் சோதனைக் கருவி, நாடித் துடிப்பைப் போல ஒளியை ஏற்றியிறக்கி, விளக்கும் உணரியும் மின்சுற்றும் எச்சரிக்கை ஒலியும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று காட்டும். ஆனால் அது உண்டாக்கும் விகிதங்கள் அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையை ஒட்டியே அமைந்தவை. அட்டவணையிலேயே பிழை இருந்தால் அது அப்படியே தேறிவிடும். இச்சோதனையில் தேறியதை மட்டும் கொண்டு ஒரு கருவிக்கு அளவுத்திருத்தச் சான்று ஒட்டுவது பொருந்தாது.

அளவுகோலே மனித உடலாக இருக்கும்போது, யாருடைய உடல் என்பது தொழில்நுட்பக் கேள்வியாகவே ஆகிவிடுகிறது. கருநிறத் தோலில் பிழை கூடுகிறது என்று 1990இலேயே அமெரிக்க ஆய்வொன்று சுட்டியிருந்தும், 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே உலகம் விழித்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது குருதியில் செறிவு உண்மையில் 88க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 விழுக்காடும் கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 விழுக்காடும் இருந்தது. தோலின் நிறமி துடிப்பதில்லை, ஆகவே வகுத்தலில் அடிபட்டுப் போகவேண்டும் என்பதே பழைய எதிர்பார்ப்பு, ஆனால் எல்.இ.டி. உமிழ்வது ஒற்றை அலைநீளமன்று, ஒரு சிறு பட்டை என்பதால், நிறமி அப்பட்டையின் ஒரு பக்கத்தைக் கூடுதலாக வடிகட்டி ஒளியின் தன்மையையே சற்று மாற்றிவிடுகிறது என்பது இன்று முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைந்தது 10 பேரும் அவர்களுள் கருநிறத்தோர் இருவரும் இருந்தால் போதும் என்றது; 2025 ஜனவரியில் வந்த வரைவோ 150 பேருக்குக் குறையாமல், பல தோல் நிறங்களும் அளந்து பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது. கருநிறமும் மாநிறமும் பெருவழக்காக உள்ள தமிழகத்திலும் இலங்கையிலும் கருவி வாங்கும் மருத்துவமனைகள், விலைப்பட்டியலோடு, அட்டவணை எத்தனை பேரிடம், எந்தத் தோல் நிறத்தாரிடம் சரிபார்க்கப்பட்டது என்னும் அறிக்கையையும் நிறுவனங்களிடம் கேட்டுப் பெறுவது நியாயம். அது கிடைக்கும்வரை, 94 என்று கருவி காட்டினாலும் மூச்சுத் திணறுகிறவருக்குத் தமனிக் குருதிப் பரிசோதனையைத் தள்ளிப்போட அந்த எண் காரணமாகாது.