குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

சிட்னியில் நாம் குழாயைத் திறந்து தண்ணீரை அப்படியே குடிக்கிறோம். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பகுதி வாரகம்பா அணையிலிருந்து வருகிறது. அதை வடிகட்டி, கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்து, வீடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

1998-ஆம் ஆண்டு ஒரு சிக்கல் வந்தது. தண்ணீரைச் சோதித்தபோது கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா என்ற இரண்டு நுண்ணுயிர்கள் இருப்பதாகத் தெரிந்தது. இவை கண்ணுக்குத் தெரியாது. உடலுக்குள் போனால் வயிற்றுப்போக்கு வரலாம். கிரிப்டோஸ்போரிடியத்தைக் குளோரினால்கூட எளிதில் கொல்ல முடியாது. ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது செத்துவிடும்.

அதனால் சுமார் 30 இலட்சம் பேருக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. நம் வீட்டுத் தமிழில் சொன்னால், "பச்சைத் தண்ணி குடிக்காதேங்கோ, கொதிக்க வைச்சுக் குடியுங்கோ!" ஜூலை முதல் செப்டம்பர் வரை இப்படிப் பலமுறை எச்சரித்தார்கள். நல்ல காலம், நோய் பரவியதாகத் தெரியவில்லை.

1999-இல் அணைகளையும் அவற்றுக்கு நீர் வரும் நிலங்களையும் பாதுகாக்க அரசு ஒரு தனி அமைப்பை உருவாக்கியது. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த அணையிலிருந்து வருகிறது? கேட்டறிந்து வகுப்பில் சொல்லுங்கள்.