நிழல் விழாத பனியில்: பனிச்சறுக்குக் காகிள்ஸ் வாங்குவோர் அறிய வேண்டியவை

பனிச்சரிவில் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது நிழல்தான். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஒவ்வொரு சிறு மேட்டின் பின்னும் ஒரு நிழல் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் சறுக்குபவரின் முழங்கால் முன்கூட்டியே மடங்கித் தயாராகிறது. மேகம் மூடியதும் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் வருகிறது, வெண்பனி அதை மறுபடி மேலே திருப்பி அனுப்புகிறது, நிழல் இல்லாமல் போகிறது. தொலைவில் நிற்கும் கம்பமும் மரமும் தெளிவாகத் தெரியும். காலடியில் இருக்கும் பனியின் வடிவம் மட்டும் தெரியாது. பார்வை நன்றாக இருப்பதாகவே சறுக்குபவர் நம்புவார் என்பதால், அடர்ந்த மூடுபனியைவிட இந்த வெளிச்சம் சில வேளை கூடுதல் ஆபத்தானது. மேகமே சரிவில் இறங்கிவிட்டால் தொடுவானமும் மறைந்துவிடும். அப்போது கண் சொல்வதும் உட்செவியின் சமநிலை உறுப்பு சொல்வதும் முரண்பட்டுத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். நின்றுவிட்டவர் தான் இன்னும் நகர்வதாக நினைத்துச் சாய்ந்து விழுவதும் உண்டு.

இந்தியாவில் இதை நன்றாக உணரக்கூடிய இடம் காஷ்மீரின் குல்மார்க். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் கோங்டூரி வரை செல்கிறது. இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டரை எட்டுகிறது. கீழ்ச்சரிவுகளில் ஊசியிலை மரங்கள் உண்டு. வெள்ளைக்கு நடுவே கருமையாக நிற்கும் அந்த மரங்கள், வெளிச்சம் கெட்ட நாளிலும் தூரத்தையும் சாய்வையும் கணிக்க உதவும். அஃபர்வட்டின் மேல்பகுதியில் மரமே கிடையாது. மேகம் அங்கே அடைத்துக்கொண்டால் கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் மிஞ்சாது.

இந்த நிலைமைக்கென்று விற்கப்படும் காகிள்ஸ் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: இல்லாத நிழலை எந்த லென்ஸாலும் உண்டாக்க முடியாது. நல்ல லென்ஸ் செய்யக்கூடியது, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வீணாக்காமல் கண்ணுக்குக் கொண்டுவருவது. ‘மேகத்திலும் துல்லியப் பார்வை’ என்ற விளம்பரத்தை நம்பி வெயில் நாளின் வேகத்திலேயே இறங்குபவருக்கு, விலையுயர்ந்த லென்ஸும் காப்பாகாது.

லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதற்கு ஒரு சதவீதக் கணக்கு உண்டு. அட்டைப்பெட்டியில் அது வி.எல்.டி. என்ற மூன்றெழுத்தில் இருக்கும். அதை வைத்தே லென்ஸ்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். எஸ்0 வகை 80 சதவீதத்துக்கு மேல் ஒளியை விடும். எஸ்1 வகை 43 முதல் 80 வரை. எஸ்2 வகை 18 முதல் 43 வரை. எஸ்3 வகை 8 முதல் 18 வரை. எஸ்4 வகை 3 முதல் 8 வரை. மேகமூட்டத்துக்கு உரியது எஸ்1. இரவு விளக்கொளியிலும் அடர்ந்த பனிமூட்டத்திலும் எஸ்0. ‘எல்லா வானிலைக்கும் ஏற்றது’ என்று விற்கப்படும் லென்ஸ் எஸ்2 வகையாக இருந்தால், அதன் அளவு இருபது, முப்பது சதவீதமாகவும் இருக்கலாம். மேகம் கவிந்த பிற்பகலுக்கு அது இருட்டு. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த எண்தான். எண்ணைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்காமல் வருவதே நல்லது.

ஏனெனில் நிறம் ஏமாற்றும். மஞ்சள், தேன்நிறம், ரோஜா நிற லென்ஸ்கள் நீல ஒளியைக் குறைப்பதால் பனியின் மேற்பரப்பு சற்றுக் கூர்மையாகத் தெரிவதாகப் பலரும் உணர்கிறார்கள். மங்கிய வானத்தின் கீழ் அவை வழக்கமாக விரும்பப்படுவதும் இதனால்தான். ஆனால் ஒரே மஞ்சள் நிறத்தில் ஒரு லென்ஸ் 65 சதவீத ஒளியையும் இன்னொன்று 35 சதவீதத்தையும் விடலாம். அதன்மேல் கண்ணாடி போல் மினுங்கும் பூச்சு இருந்தால் வெளிச்சம் இன்னும் குறையும். பளபளப்பான வெள்ளி, நீலப் பூச்சுகள் படத்தில் அழகாக விழும், மேகத்தில் கண்ணைக் கட்டும்.

போலரைஸ்டு லென்ஸ் வெயிலில் கூசலைக் குறைக்கும். ஆனால் உறைந்த பனிக்கட்டித் திட்டு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதே அதன் மினுமினுப்பு. அதையும் சேர்த்து மறைக்கும் லென்ஸ் வெளிச்சம் குறைந்த நாளில் தேவையில்லை. வெளிச்சத்துக்கேற்பத் தானே நிறம் மாறும் ஃபோட்டோக்ரோமிக் லென்ஸ் வசதியானதுதான். எனினும் குளிரில் அது வெளுக்க அதிக நேரம் பிடிக்கும். வெயிலில் கருத்த லென்ஸோடு திடீரென மேகத்துக்குள் நுழைபவர் அந்த இடைநேரத்தில் இருட்டில் இறங்குகிறார். மலையில் மணிக்கொரு முறை வானிலை மாறும் இடங்களில், கழற்றி மாட்டக்கூடிய இரண்டு லென்ஸ்கள் வைத்திருப்பது நம்பகமான ஏற்பாடு.

வெளிச்சம் குறைந்துவிட்டது, இனிப் புற ஊதாக் கதிருக்கு அஞ்ச வேண்டாம் என்று எண்ணுவது பரவலான தவறு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாவில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மெல்லிய மேகத்தையும் புற ஊதா பெருமளவு ஊடுருவும். காப்பின்றி நாள் முழுக்க நின்றவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ, கண்ணில் மணல் கொட்டியது போன்ற உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத வலி ஆகியவை வரும். கருவிழியின் மேல்தோல் வெந்துபோவதன் விளைவு இது. ஓரிரு நாளில் பொதுவாக ஆறிவிடும். ஆனாலும் கண்ணைத் தேய்க்கக் கூடாது, கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றிவிட வேண்டும், இருட்டறையில் இருந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். லென்ஸின் கருமைக்கும் இந்தக் காப்புக்கும் தொடர்பில்லை. நிறமற்ற பாலிகார்பனேட் லென்ஸே புற ஊதாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். புற ஊதாத் தடுப்பு இல்லாத கருப்பு லென்ஸோ, கண்மணியை விரியச் செய்து கதிரை அதிகமாக உள்ளே விடும்.

இவ்வளவுக்கும் பிறகு, லென்ஸைவிட முக்கியமானது பொருத்தம். முகத்தில் சரியாக உட்காராத காகிள்ஸில் எந்த லென்ஸைப் போட்டாலும் கால் மணி நேரத்தில் உள்ளே ஆவி படிந்துவிடும், அல்லது இடுக்கு வழியே காற்று புகுந்து கண்ணில் நீர் கட்டும். வெயில் நாளில் இவை தொந்தரவு. ஏற்கெனவே பாதிதான் தெரியும் நாளில் இவை விபத்து.

பொருத்தத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். பட்டையை மாட்டாமல் காகிள்ஸை முகத்தில் வைத்து விரலால் லேசாகத் தாங்கிக்கொண்டு பார்க்க வேண்டும். விளிம்பின் ஃபோம் நெற்றி, பொட்டு, கன்னம், மூக்கின் இருபுறம் எல்லா இடத்திலும் தொட வேண்டும். எங்கும் அழுத்தக் கூடாது. கண்ணைத் திறந்து ஓரங்களில் வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பார்த்தால் இடைவெளி இருக்கும் இடம் பிடிபடும். பெரும்பாலும் அது மூக்கின் அருகில்தான் இருக்கும். மூக்குத்தண்டு தாழ்ந்திருப்பவர்களுக்கு வழக்கமான ஃபிரேம் கீழே வழுக்கி இடைவெளி விடும். அவர்களுக்கென மூக்குப் பகுதியில் ஃபோம் கூடுதலாக வைத்த வடிவங்கள் கிடைக்கின்றன. இதற்கு நேர்மாறாக, மூக்கை நெரிக்கும் ஃபிரேம் மூச்சை அடைக்கும், வாயால் மூச்சு விடச் செய்யும், அந்த ஆவி மேலே ஏறி லென்ஸில் படியும். பட்டையை இழுத்துக் கட்டி இடைவெளியை மூடப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் ஃபோம் நசுங்கும், தலை வலிக்கும், இடைவெளி வேறிடத்துக்கு நகரும். பொருந்தாத ஃபிரேமைப் பட்டை சரிசெய்யாது.

ஹெல்மெட் இல்லாமல் காகிள்ஸை மட்டும் போட்டுப் பார்த்து வாங்குவது அரைச்சோதனை. இரண்டையும் சேர்த்து அணிந்தால், ஹெல்மெட்டின் முன்விளிம்பு ஃபிரேமைக் கீழே தள்ளி மூக்கில் இறக்கக் கூடாது; இரண்டுக்கும் நடுவே நெற்றி திறந்து கிடக்கவும் கூடாது. ஃபிரேமின் மேல்பக்கக் காற்றுத் துளைகளை ஹெல்மெட் அடைத்துவிட்டால் உள்ளிருக்கும் ஈரக் காற்று வெளியேற வழியில்லை. பிறகு தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வருபவர் எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுகிறார் என்பது ஃபிரேமின் அகலத்தைப் பொறுத்தது. குழந்தைக்குப் பெரியவர் அளவை ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று வாங்கினால், அந்தப் பருவம் முழுக்க அந்தக் குழந்தை காற்றும் ஆவியும் புகும் கண்ணாடியோடுதான் சறுக்கும்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு, அதன் மேலேயே போடக்கூடிய ஆழமான ஃபிரேம்கள் உண்டு; பொட்டுப் பக்கம் ஃபோமில் கண்ணாடியின் காதுக் கம்பிக்கு வெட்டு விட்டிருக்கும். கண்ணாடி காகிள்ஸின் உள்லென்ஸை உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதானவர்கள் எஸ்1 வகையிலும் அதிக ஒளி விடும் லென்ஸைத் தேர்ந்துகொள்வது நல்லது. வயது ஏறும்போது கண்மணி சுருங்குகிறது, கண்ணின் இயற்கை லென்ஸும் பழுப்பேறுகிறது; இளைஞருக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்குப் போதாது.

ஆவி படிவதைத் தடுக்க, நடுவில் காற்று அடைத்த இரட்டை லென்ஸ் வேண்டும். உள்லென்ஸில் ஆவி தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கும். ஈரமாக இருக்கும்போது கையுறையால் தேய்த்தால் அது போய்விடும். உள்ளே பனி விழுந்தால் தட்டி உதறி, மென்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வியர்த்த நெற்றிமேல் காகிள்ஸைத் தூக்கி வைப்பதுதான் ஆவிக்கு மிகச் சாதாரணமான காரணம். இரண்டு லென்ஸுக்கும் நடுவே ஈரம் புகுந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை, லென்ஸை மாற்ற வேண்டியதுதான்.

வாடகைக்கு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லென்ஸில் நுண்ணிய கீறல்கள், உதிரும் ஃபோம், இழுவை போன பட்டை, உரிந்த உட்பூச்சு ஆகியவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, குறை இருந்தால் மாற்றிக் கேட்க வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வரும் நாளில் ஒவ்வொரு கீறலும் அதைச் சிதறடித்துப் பார்வையை இன்னும் மங்கச் செய்யும்.

சரிவில் இருக்கும்போதே வெளிச்சம் கெட்டுவிட்டால் வேகத்தைக் குறைத்து, மரங்களின் பக்கமாக அல்லது பாதைக் குறிக்கம்பங்களை ஒட்டி இறங்க வேண்டும். மேல்பகுதிக்கு மறுபடி ஏறக் கூடாது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து நடத்தை விதிகளில் இரண்டாவது, வேகத்தைத் தன் திறனுக்கும் நிலம், பனி, வானிலை, கூட்டம் ஆகியவற்றுக்கும் ஏற்ப வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தெரியவில்லை என்பது மோதியவருக்குச் சாக்காகாது.

வாங்கும்போது தேட வேண்டிய அடையாளங்கள் சில. 2021-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 18527-1 என்பது சரிவுச்சறுக்குக் காகிள்ஸுக்கான சர்வதேசத் தரம். பழைய ஐரோப்பியத் தரம் இ.என். 174. அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப்659. ஐரோப்பாவில் விற்பவற்றில் சி.இ. முத்திரை கட்டாயம். இந்தியாவில் பொட்டலமிட்டு விற்கும் இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் கோருகின்றன. இவை எதுவுமில்லாத பெட்டியில் ‘புற ஊதாத் தடுப்பு’ என்று ஒட்டியிருப்பதற்கு மதிப்பில்லை. புற ஊதா அளவி வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சில நொடியில் சோதித்துவிடலாம்.

குறையுள்ள பொருள் கைக்கு வந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பில் தர மறுப்பது அச்சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்ட பலகை இந்த உரிமையைப் பறிக்காது. இணையத்தில் வாங்கியவருக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உண்டு: எஸ்1 என்று விளம்பரித்துவிட்டு எஸ்3 அனுப்பினால், விளம்பரத்துக்கு மாறான பொருள் என்ற காரணத்தாலேயே விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வாடகைக்கு எடுப்பது சேவையின் கீழ் வருவதால் அங்கும் சேவைக் குறைபாட்டுக்குப் புகார் செய்யலாம்.

அடி வாங்கி லென்ஸ் சிதறிக் கண்ணைக் கிழித்தது, இருப்பதாகச் சொன்ன புற ஊதாத் தடுப்பு இல்லாததால் கண் வெந்தது போன்ற காயங்களுக்கு அதே சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயப்படி இழப்பீடு கேட்கலாம். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத காகிள்ஸ் என்றால் பொறுப்பு விற்றவர்மேல் விழும். வெளிச்சம் இல்லாததால் பள்ளம் தெரியாமல் விழுந்ததற்கு இந்த வழி பொதுவாக உதவாது; எல்லோரும் அறிந்த ஆபத்தை எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளரைக் குறைசொல்லச் சட்டம் இடம் தரவில்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. குல்மார்க்கில் பொருள் வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இணைய வழியிலும் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும் என்பதால், பில், விளம்பரப் பக்கத்தின் படம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றோடு உடைந்த காகிள்ஸையும் அதன் பெட்டியையும் வழக்கு முடியும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.