பிழை கண்டு பயமேன்?



ரேஷன் கடையில் கைரேகை வைப்பதற்கும், வங்கியில் பணம் எடுப்பதற்கும், தேர்வு முடிவைத் தெரிந்துகொள்வதற்கும் இன்று கணிப்பொறியின் துணை வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவை எடுக்கலாமா, வேண்டாமா என்று நம்மில் பலர் யோசிக்கப் போகிறோம். "முதல் நாளே திரை முழுவதும் பிழை, பிழை என்று வந்தது. இது நமக்கு ஒத்துவராது" என்று சொல்லிப் பின்வாங்கிய அக்காமார் சிலரை நாங்கள் அறிவோம். அந்தப் பிழைச் செய்திகள் உண்மையில் என்ன சொல்கின்றன? அவற்றை எப்படிப் படிப்பது? இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூல நிரல் என்றால் என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கடையில் வாங்கினால் தின்னலாம். ஆனால் அதில் சர்க்கரையைக் குறைக்க நம்மால் முடியாது. செய்முறை கையில் இருந்தால், நம் வீட்டு அடுப்பிலேயே நம் விருப்பம்போல் கிண்டிக்கொள்ளலாம். மென்பொருளும் அப்படித்தான். நாம் வாங்கி ஓட்டுவது தயாரான பண்டம். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய செய்முறையே மூல நிரல். அதைக் கணிப்பொறிக்குப் புரியும் 0, 1 என்ற எண்களாக மாற்றித் தரும் மென்பொருளுக்கு நிரல்பெயர்ப்பி என்று பெயர். ஆங்கிலத்தில் கம்பைலர் என்பர்.

இவ்வகைக் கருவியை முதன்முதலில் செய்து காட்டியவர்களுள் ஒருவர் பெண் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி! அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1952ஆம் ஆண்டில் 'ஏ-0' என்ற கருவியை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பயன்படும் ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பியை ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டார். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். லினக்ஸும் இத்தகையதே. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' நம் நாட்டுப் படைப்பு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸுடன் இதுவும் இருந்தது.

ஆனால் செய்முறை கையில் இருந்தால் மட்டும் போதுமா? கிண்டும்போது பால் அடிப்பிடித்தால் என்ன செய்வது என்பதும் தெரிய வேண்டுமே!

நான்கு படிகள்

சி மொழியில் எழுதிய மூல நிரல் நான்கு படிகளைக் கடந்து மென்பொருள் ஆகிறது. முதல் படியில், நிரல் கேட்கும் தலைப்புக் கோப்புகள் தேடி எடுத்துச் சேர்க்கப்படுகின்றன. இரண்டாம் படியில் இலக்கணம் சரிபார்க்கப்பட்டு மொழிபெயர்ப்பு நடக்கிறது. மூன்றாம் படியில் அது எண்களாகிறது. நான்காம் படியில் இணைப்பி என்னும் கருவி எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கோர்க்கிறது. பிழை வந்தால், "எந்தப் படியில் நின்றது?" என்று கேட்பதே முதல் வேலை. அதற்கு விடை தெரிந்தால் பாதி நோய் குணமான மாதிரி.

தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை ("நோ சச் ஃபைல்") என்று வந்தால் முதல் படியில் நின்றுவிட்டது என்று பொருள். நிரலில் குற்றமில்லை, சமையலுக்கு வேண்டிய சாமான் வீட்டில் இல்லை, அவ்வளவே! உதாரணமாக, 'இசட்லிப்.எச்' இல்லை என்று உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸில் வந்தால், 'இசட்லிப்1ஜி-டெவ்' என்ற தொகுப்பை நிறுவ வேண்டும். இசட்லிப் ஏற்கெனவே கணிப்பொறியில் இருக்கிறதே என்று பலர் குழம்புவார்கள். மென்பொருளை ஓட்டுவதற்கு ஒரு தொகுப்பு, உருவாக்குவதற்கு வேறொரு தொகுப்பு. பெயரின் கடைசியில் 'டெவ்' என்று இருப்பதே உருவாக்குவதற்கு உரியது.

அரைப்புள்ளியோ அடைப்புக்குறியோ விட்டுப்போனால் இரண்டாம் படியில் நிற்கும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஏழாம் வரியில் விட்ட அரைப்புள்ளிக்கு எட்டாம் வரியைக் குற்றம் சொல்வதும் உண்டு. எனவே காட்டிய வரியோடு அதற்கு மேல் உள்ள வரியையும் பார்க்க வேண்டும்.

"அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று வந்தால் அது இணைப்பியின் குரல். ஒரு செயல்கூறின் பெயர் தெரிகிறது, ஆனால் அதன் உடல் எங்கே என்று தெரியவில்லை என்பது இதன் பொருள். சி மொழியில் வர்க்கமூலம் காணும் நிரலுக்குக் கணித நூலகத்தையும் சேர்க்கச் சொல்லி, கட்டளையின் கடைசியில் '-எல்எம்' என்று எழுத வேண்டும். அதை முன்னால் எழுதினாலும் சில கணிப்பொறிகளில் இதே பிழை வரும், வரிசை முக்கியம்!

மேல்மடையைப் பாருங்கள்

பிழைகளைப் படிப்பதற்கு ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால், நாங்கள் சொல்வது இதுதான்: முதல் பிழையைப் படியுங்கள்.

கான்சாபுரத்தின் வயல்களையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், விவசாயி அந்த வயலிலேயே நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாரா? வாய்க்கால் கரையோடு மேலே நடந்து போய்ப் பார்ப்பார். மேல்மடையில் ஒரு மரக்கட்டை விழுந்து அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் கீழே உள்ள இருபது வயலுக்கும் தண்ணீர் பாயும்.

நிரலிலும் இப்படியே. மேலே ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்காமலோ ஓர் அடைப்புக்குறி மூடாமலோ போனால், அதைத் தொடர்ந்து பத்து, இருபது பிழைகள் வரிசையாக வந்து நிற்கும். இருபது பிழை என்றால் இருபது குற்றம் அல்ல! ஆனால் திரையில் நம் கண்ணில் படுவதோ கடைசி வரி. "மேக்: எரர் 2" என்று அதில் இருக்கும். "கீழே நடந்த வேலை தோற்றது" என்பதைத் தவிர அந்த வரி வேறொன்றும் சொல்வதில்லை. ஆகவே திரையை மேலே தள்ளி, "எரர்" என்ற சொல் முதலில் வரும் இடத்தைத் தேட வேண்டும். செய்திகள் மிக நீளமானால் அவற்றை ஒரு கோப்பில் சேமித்துவைத்துத் தேடலாம். "வார்னிங்" என்று வருவது எச்சரிக்கை மட்டுமே. பொதுவாக அது வேலையை நிறுத்தாது. ஆயினும் அலட்சியம் வேண்டாம்.

முதல் பிழையில் கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது இடம், பிழையின் விவரம் ஆகிய நான்கும் முறையாக எழுதியிருக்கும். முகவரி எழுதிய கடிதம் போன்றது அது. அதைத் திருத்தி, மறுபடி ஓட்டி, அடுத்த முதல் பிழையைப் பார்க்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்போது, குற்றங்களை எண்ணிக் கலங்காமல் அவற்றின் வேரைத் தேடும்படி அருட்சகோதரிகள் நமக்குச் சொல்லித் தருவதும் இதைத்தானே!

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

சில பிழைகள் கண்ணுக்கே தெரியாது. பெரிய மென்பொருள்களை உருவாக்க உதவும் 'மேக்' என்ற கருவியை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதினார். அதன் கட்டளை வரிகள் 'டேப்' விசையால் விட்ட இடைவெளியோடுதான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளியை விட்டால் "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று நின்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே! இது தொல்லை என்று சில வாரங்களிலேயே ஃபெல்ட்மன் உணர்ந்தாராம். அதற்குள் சுமார் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்கு இடைஞ்சல் செய்ய மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். அன்று பன்னிரண்டு பேருக்காகத் திருத்தாமல் விட்டது, இன்றும் உலகெங்கும் புதிதாகக் கற்போரைச் சிரமப்படுத்துகிறது. சிறு பிழையை உடனே திருத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்னொன்று மேற்கோள்குறி. கட்டுரை எழுதும் மென்பொருளில் தட்டச்சு செய்த நிரலை எடுத்து ஒட்டினால், அதில் வளைந்த மேற்கோள்குறிகள் இருக்கும். அவற்றைச் சி மொழி ஏற்காது. "ஸ்ட்ரே 342" என்று செய்தி வந்தால், இதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள்.

நம் தமிழுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 'அ' என்ற ஒரே எழுத்தைக் கணிப்பொறி 340, 256, 205 என்ற மூன்று எண்களாக எட்டடிமான முறையில் குறிப்பிடும். நிரலில் ஒரு மாறிக்குத் தமிழில் பெயர் வைத்தால், பழைய ஜிசிசி ஓர் எழுத்துக்கு மூன்று பிழையாகக் கொட்டும்! 2020இல் வெளிவந்த ஜிசிசியின் 10ஆம் பதிப்பு முதல், பிறமொழி எழுத்துகளில் பெயர் வைப்பதை அது நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, அதுவரை பிழை என்று வந்தது எழுதியவரின் குற்றமன்று, கருவியின் குறை. அதன் மூல நிரல் எல்லோர்க்கும் திறந்திருந்ததால், அக்குறையைத் திருத்த ஆர்வலர்களால் முடிந்தது.

பழைய மடிக்கணினிகளில் வேறொரு தொல்லையும் வரும். உள்ளே உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். எந்தக் கோப்பு புதியது, எது பழையது என்று நேரத்தைப் பார்த்தே 'மேக்' வேலை செய்வதால், அது குழம்பி "கிளாக் ஸ்க்யூ" என்று எச்சரிக்கும். அப்போது நிரலைத் தொட வேண்டியதில்லை. தேதியைச் சரிசெய்தால் போதும்.

உதவி கேட்கும் முறை

எவ்வளவு முயன்றும் தீராவிட்டால் ஆசிரியையிடமோ விவரம் தெரிந்தவரிடமோ கேட்பதில் வெட்கமில்லை. "ஓடவில்லை டீச்சர்" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. வயிற்றுவலி என்று போனால் எந்தப் பக்கம், எப்போது முதல் என்று மருத்துவர் கேட்கிறார் அல்லவா? எந்த லினக்ஸ், நிரல்பெயர்ப்பியின் எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தோம், முதல் பிழை என்ன என்ற நான்கையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொண்டு போக வேண்டும். இப்படி எழுதும்போதே விடை தெரிந்துவிடுவதும் உண்டு. இத்தகைய செய்திகளைத் தமிழிலேயே படிக்க விரும்புவோர்க்கு 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் நல்ல துணை.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த 'மார்க் 2' என்ற கணிப்பொறி தடுமாறியது. பொறியாளர்கள் ஒவ்வொரு பகுதியாகத் தேடிப் பார்த்தபோது, உள்ளே ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து, நேரத்தையும் குறித்து, நாட்குறிப்பில் ஒட்டிவைத்தார்கள். அவர்கள் பொறியையும் திட்டவில்லை, தங்களையும் நொந்துகொள்ளவில்லை. தேடினார்கள், கண்டார்கள், எழுதிவைத்தார்கள்.

தோழியரே! பிழைச் செய்தி என்பது நம் அறிவுக்குப் போடும் மதிப்பெண் அன்று. எங்கே தேட வேண்டும் என்று வழிகாட்டும் கைகாட்டி மரம் அது. திரையில் இருபது வரி சிவப்பாய் வந்ததற்காகக் கணினிப் பிரிவே வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள். பொறுமையுடன் முதல் வரியைப் படிப்போம், ஒன்றைத் திருத்துவோம், மறுபடி முயல்வோம். ஆக்கித் தந்ததை ஓட்டுவோராய் மட்டும் இராமல், நாமே ஆக்கத் தெரிந்தவர்களாய் வளர இறைவன் அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி,
கான்சாபுரம்.